சிம்கோ ஏரியில் ஐஸ் ஃபிஷிங்: மூன்று சாக்ஸ் போட்டும் கால் மரத்துப்போகிறது, என்ன செய்வது?

சேலத்துக்காரன் (பிராம்ப்டன்) | ஜனவரி 12, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். கனடாவில் எனக்கு இது மூன்றாவது குளிர்காலம். போன சனிக்கிழமை நண்பர்கள் இருவரோடு சிம்கோ ஏரிக்கு, ஜார்ஜினா பக்கம், முதன்முதலாக ஐஸ் ஃபிஷிங் (உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிப்பது) போனேன். காலையில் மைனஸ் 14, காற்று வேறு.

கரையிலிருந்து ஸ்லெட்டை இழுத்துக்கொண்டு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடந்தோம். கையால் சுற்றி ஐஸில் துளைபோடும் ஆகரால் ஐந்து துளை போட்டேன். அதுவரைக்கும் கால் கதகதப்பாகத்தான் இருந்தது, வியர்க்கக்கூடச் செய்தது. பிறகு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் இருக்கும். முதலில் விரல் நுனியெல்லாம் வலித்தது. கொஞ்ச நேரத்தில் வலி நின்றுவிட்டது. குளிர் பழகிவிட்டது என்று நினைத்து இன்னும் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வண்டிக்குள் பூட்ஸைக் கழற்றினால் இரண்டு சுண்டுவிரல்களும் மெழுகுவர்த்தி நிறத்தில் இருந்தன. கிள்ளினேன், தெரியவில்லை. வீடு வரும் வழியில் உணர்ச்சி திரும்பியபோது பட்ட வலியில் நல்லவேளை நான் வண்டி ஓட்டவில்லை, நண்பர்தான் ஓட்டினார்.

போட்டிருந்தது இதுதான்: ஒரு காட்டன் சாக்ஸ், அதன்மேல் இரண்டு ஸ்போர்ட்ஸ் சாக்ஸ், மைனஸ் 40 என்று அட்டையில் எழுதியிருந்த பூட்ஸ். எனக்கு எப்போதும் 9தான் சைஸ், அதையே வாங்கினேன். இன்னும் இரண்டு வாரத்தில் மறுபடி போகிறோம். எட்டு வயது மகனும் வருகிறேன் என்கிறான். மைனஸ் 70 பூட்ஸ் வாங்கினால் சரியாகிவிடுமா? விலையைப் பார்த்தால் தயக்கமாக இருக்கிறது.

---

பருத்தித்துறையான் (ஸ்காபரோ) | ஜனவரி 12, இரவு 10:25

தம்பி, இப்போதைக்குக் காசைச் செலவழிக்க வேண்டாம். உங்கள் சப்பாத்தில் பிழை இல்லை. அதற்குள் நீங்கள் அடைத்ததுதான் பிழை.

நான் 1996 தொடக்கம் அந்த ஏரியில் இறங்குகிறேன். முதல் இரண்டு வருடம் நீங்கள் செய்த அதே வேலையைத்தான் செய்தேன். குளிர் என்றால் இன்னொரு சொக்ஸ், இன்னும் குளிர் என்றால் இன்னொன்று. நாலு சொக்ஸோடு கால் விறைத்துப் போய், ஐஸின்மேல் ஒரு கிழவர் வைத்திருந்த ஹட்டுக்குள் (சிறு குடிலுக்குள்) இருந்து அழாக்குறையாகக் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர்தான் சொல்லித் தந்தார்.

சொக்ஸுக்குச் சொந்தமாகச் சூடு கிடையாது. சூட்டைக் கொண்டு வருவது காலுக்கு ஓடுகிற இரத்தம். சொக்ஸும் சப்பாத்தும் அந்தச் சூடு வெளியே போகாமல் காத்துத் தருகின்றன, அவ்வளவுதான். அதையும் செய்வது துணி இல்லை, துணிக்குள் நிற்கிற காற்று. மூன்று சொக்ஸை அளவான சப்பாத்துக்குள் திணித்தால் காற்று நசிந்து வெளியேறிவிடும். காலும் இறுகி இரத்த ஓட்டம் குறையும். இரண்டு பக்கத்தாலும் நட்டம்.

இப்போதே ஒரு சோதனை செய்து பாருங்கள். அன்றைக்குப் போட்ட அதே மூன்று சொக்ஸோடு சப்பாத்தைப் போட்டு, கயிற்றை அன்றைக்குப் போலவே இறுக்கிக் கட்டுங்கள். உள்ளே விரல்களைப் பியானோ வாசிப்பது போல ஒவ்வொன்றாக அசைக்க முடிகிறதா? முடியாவிட்டால் மைனஸ் 100 என்று எழுதியிருந்தாலும் அந்தச் சப்பாத்து உங்களைக் காப்பாற்றாது.

அட்டையில் இருக்கும் அந்த இலக்கத்தையும் பெரிதாக நம்ப வேண்டாம். எல்லாக் கம்பனிக்கும் பொதுவான ஒரே அளவுகோல் அதற்கு இல்லை. நடந்துகொண்டே இருப்பவருக்குச் சரியாக இருப்பது, பக்கெட்டில் அசையாமல் இருப்பவருக்குப் போதாது.

---

வெண்பனிச்_செவிலி (வின்னிபெக்) | ஜனவரி 13, காலை 6:15

இரவுப் பணி முடிந்து வந்து இதைப் படித்தேன். சேலத்துக்காரன் அண்ணா, பூட்ஸ் விஷயத்தை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். உங்கள் விரல் பற்றி நான் பேச வேண்டும்.

வலி நின்றது குளிர் பழகியதால் இல்லை. நரம்பு சொல்வதை நிறுத்திவிட்டது. பனிக்கடி, அதாவது குளிரில் தோலும் சதையும் உறைவது, அதற்குப் பிறகுதான் ஆழமாக இறங்கும். எங்கள் வார்டுக்கு வருகிறவர்களில் பலரும் சொல்வது இதே வாக்கியம்தான்: "வலித்துக்கொண்டிருந்தது, பிறகு சரியாகிவிட்டது." இனி அப்படி ஆனால் அந்த நிமிடமே தூண்டிலை வைத்துவிட்டு உள்ளே போய்விடுங்கள்.

உங்களுக்கு நிறமும் உணர்ச்சியும் திரும்பிவிட்டதால் மேலோட்டமாகத்தான் நடந்திருக்க வேண்டும். இப்போது கொப்புளம், கறுப்பு, விடாத மரப்பு ஏதாவது இருந்தால் இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். ஒன்றுமில்லை என்றாலும், ஒருமுறை அடிபட்ட விரல் அடுத்த முறை சீக்கிரம் அடிபடும். இரண்டு வாரத்தில் திரும்பப் போவது எனக்கு அவ்வளவு சம்மதமாக இல்லை.

எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது: வெளுத்துப்போன விரலைத் தேய்க்காதீர்கள். பனியை வைத்துத் தேய்க்கச் சொல்லும் பழைய வைத்தியம் தோலைக் கிழித்துவிடும். ஹீட்டர், அடுப்பு, வண்டியின் சூடான காற்று எதையும் நேராகக் காட்டாதீர்கள், மரத்த காலுக்குச் சுடுவது தெரியாது. 37 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை உள்ள நீரில், அதாவது குழந்தையைக் குளிப்பாட்டும் பதத்தில், அரை மணி நேரம் போல வைத்திருங்கள். நீர் ஆற ஆற வெந்நீர் சேருங்கள், ஊற்றும்போது காலை வெளியே எடுத்துவிடுங்கள். நன்றாக வலிக்கும், வலிப்பது நல்லதுதான்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். திரும்பவும் உறைந்துபோக வாய்ப்பிருந்தால் நடுவழியில் இளக்க வேண்டாம். இளகி மறுபடி உறைந்த விரலுக்குத்தான் அதிகச் சேதம்.

விரல் கட்டையாக, கெட்டியாக இருந்தாலோ, ரத்தம் கோத்த கொப்புளம் வந்தாலோ நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். விரலைக் காப்பாற்றத் தரும், ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்தை இளகிய 24 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும்.

---

சேலத்துக்காரன் | ஜனவரி 13, மாலை 7:05

அக்கா, ரொம்ப நன்றி. இன்று கிளினிக்குக்குப் போய்க் காட்டினேன். தோல் லேசாக உரிகிறது, வேறொன்றும் இல்லை என்றார்கள். பயணத்தை பிப்ரவரி பாதிக்குத் தள்ளிவிட்டேன்.

பருத்தித்துறை அண்ணா, சோதனை செய்தேன். பெருவிரல் மட்டும் அசைகிறது, மற்ற நான்கும் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. ஒரே ஒரு சாக்ஸோடு போட்டால் ஐந்தும் அசைகின்றன. அங்காடியில் "கச்சிதமாக இருந்தால்தான் குளிர் ஏறாது" என்று சொல்லித்தான் விற்றார்கள்.

அப்புறம் ஒரு விஷயம். அன்று கழற்றிய பூட்ஸைக் கொண்டுவந்து கராஜில் அப்படியே போட்டிருந்தேன். இன்று உள் லைனரை (கழற்றக்கூடிய உள்ளுறையை) உருவிப் பார்த்தால் விரல் பக்கம் வெள்ளையாகப் பொடிப்பொடியாக ஏதோ ஒட்டியிருந்தது. உப்பு என்று நினைத்துத் தொட்டேன், கரைந்து ஈரமாகிவிட்டது. பனித்தூள். வெளியிலிருந்து ஒரு சொட்டு நீர் உள்ளே போகவில்லை, அது நிச்சயம்.

---

ஓய்வுபெற்ற_ஹவில்தார் (தேனி) | ஜனவரி 14, காலை 5:50

தம்பி, அது உன் வியர்வை. ஒரு கிலோமீட்டர் ஸ்லெட் இழுத்தபோதும் துளை போட்டபோதும் கால் விட்ட வியர்வை, நீ உட்கார்ந்ததும் அங்கேயே உறைந்தது. குளிர் உன்னைப் பிடித்தது பக்கெட்டில் இல்லை. நடக்கும்போதே பிடிக்க ஆரம்பித்துவிட்டது.

நான் ராணுவத்தில் இருந்தபோது இரண்டு குளிர்காலம் லடாக்கின் உயரமான போஸ்ட்டில் கழித்தேன். என் ஊரில் சாக்ஸே போட்டறியாதவன். அங்கே முதல் நாளே எங்களுக்குச் சொன்னது: துப்பாக்கியைத் துடைப்பது போலக் காலையும் தினமும் துடைத்துப் பார். தினமும் மாலை இருவர் இருவராக உட்கார்ந்து ஒருவர் காலை ஒருவர் பார்ப்போம். விரல் இடுக்கு, குதிகால், நகக்கண் எல்லாம். மரத்த காலைப் பற்றி அதன் சொந்தக்காரனுக்கு எதுவும் தெரியாது, பக்கத்தில் இருப்பவன் கண்ணுக்குத்தான் தெரியும்.

ஈர சாக்ஸைக் கழற்றிப் பனியனுக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டு ஸ்லீப்பிங் பேகில் படுப்போம். காலையில் காய்ந்திருக்கும். உலர்ந்த ஜோடி ஒன்று எப்போதும் தனியாக இருக்கும், என்ன ஆனாலும் பகலில் அதைத் தொடக் கூடாது, தூங்க மட்டும்தான்.

உனக்கு இவ்வளவு சிரமம் தேவையில்லை. கரையிலிருந்து மெல்லிய சாக்ஸோடு, ஜாக்கெட்டைத் திறந்துவிட்டு, மெதுவாக நட. துளை போட்டு முடித்ததும் உட்காருவதற்கு முன்னால் காலைத் துடைத்துவிட்டு உலர்ந்த கம்பளி சாக்ஸ் மாற்று. மைனஸ் 14இல் வெறுங்காலை ஒரு நிமிடம் வெளியே எடுக்கப் பயப்படாதே. ஈர சாக்ஸோடு ஆறு மணி நேரம் உட்காருவதுதான் ஆபத்து.

---

பருத்தித்துறையான் | ஜனவரி 14, காலை 8:30

ஐயா சொன்னதுதான் முழு உண்மை. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அதனால்தான் ஈரமான கொட்டன் சொக்ஸ் அவ்வளவு மோசம். மெரினோ ஆட்டுக் கம்பளி தன் நிறையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சினாலும் காலில் ஈரம் போலத் தெரியாது.

---

பழைய_ஏடு (மொன்றியல்) | ஜனவரி 14, பகல் 1:15

இந்த வியர்வைக் கதைக்கு ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. 1950 நவம்பர், டிசம்பரில் கொரியாவில் சோசின் நீர்த்தேக்கப் போரில் அமெரிக்க வீரர்கள் போட்டிருந்தது ஷூபேக் என்ற பூட்ஸ். அடியில் ரப்பர், உள்ளே ஃபெல்ட் அட்டை. மலையேறும்போது கால் வியர்க்கும், நின்றதும் அந்த வியர்வை பூட்ஸுக்குள்ளேயே உறையும். சேலத்து நண்பர் லைனரில் பார்த்த அதே பனித்தூள். ஆயிரக்கணக்கானவர்கள் பனிக்கடியில் விழுந்தார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் 'மிக்கி மவுஸ்' என்று வீரர்கள் பெயர் வைத்த கறுப்பு ரப்பர் பூட்ஸ். அதில் கம்பளியை இரண்டு ரப்பர் அடுக்குகளுக்கு நடுவே வைத்து அடைத்துவிட்டார்கள். கால் வியர்க்கும், ஆனால் வியர்வை கம்பளிக்குப் போகவே முடியாது. இதையே வெள்ளை நிறத்தில் இன்னும் கடுங்குளிருக்குச் செய்ததற்கு 'பன்னி பூட்ஸ்' என்று பெயர். அலாஸ்காவில் இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள்.

வட ஸ்காண்டிநேவியாவின் சாமி மக்கள் வேறு வழி கண்டார்கள். ரெயின்டீர் எனும் பனிமான் தோல் பூட்ஸுக்குள் சாக்ஸுக்குப் பதிலாக சென்னி என்ற கோரைப்புல்லை அடைத்துக்கொள்வார்கள். புல் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். இரவில் உருவி, உதறி, காயவைத்து மறுநாள் திரும்ப அடைப்பார்கள். தென்துருவம் போன அமுண்ட்சென் குழுவும் ஸ்காட் குழுவும் அந்தப் புல்லைக் கொண்டுபோனார்கள். இன்றைய பூட்ஸில் கழற்றக்கூடிய லைனர் வைப்பதும் அதே வேலைக்குத்தான். அதைக் கழற்றாமலே வைத்திருந்தால் பயனில்லை.

---

குளிர்மலை (கால்கரி) | ஜனவரி 14, மாலை 4:50

பழைய ஏடு சொன்ன ரப்பர் வித்தையை வீட்டிலேயே செய்யலாம். மெல்லிய சாக்ஸ், அதன்மேல் பிரெட் வருகிற பிளாஸ்டிக் பை, அதன்மேல் கம்பளி சாக்ஸ். வியர்வை பைக்குள்ளேயே நிற்கும், கம்பளியும் லைனரும் உலர்ந்தே இருக்கும். மைனஸ் 25க்குக் கீழே பனிச்சறுக்குப் போகும்போதெல்லாம் நான் இப்படித்தான்.

---

வெண்பனிச்_செவிலி | ஜனவரி 14, இரவு 8:20

குளிர்மலை, வேலை செய்யும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இதைப் பொதுவாகச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. கால் நாள் முழுக்க நீரில் ஊறியது போல இருக்கும். முதல் உலகப் போரில் பதுங்குகுழி வீரர்களுக்கு வந்த 'டிரென்ச் ஃபுட்' என்ற பாத நோய் உறைநிலைக்கு மேலேயே, வெறும் ஈரத்திலும் குளிரிலும் வந்தது. ஒன்டாரியோ குளிர் பல நாள் பூஜ்ஜியத்தை ஒட்டித்தான் இருக்கிறது, அங்கே பை வேண்டாம்.

---

குளிர்மலை | ஜனவரி 14, இரவு 8:55

ஏற்கிறேன். கடுங்குளிருக்கு மட்டும், சில மணி நேரம் மட்டும், இரவில் கட்டாயம் கழற்றிக் காலைக் காயவைக்க வேண்டும். இதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

---

இரும்புக்கை (ஹாமில்டன்) | ஜனவரி 15, காலை 5:10

கட்டட வேலைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டீல் டோ பூட்ஸின் முனையில் விரலைக் காக்க வைத்திருக்கும் இரும்பு, சூட்டை எளிதில் கடத்தும். வேலையிடத்தில் அனுமதி இருந்தால் இரும்பில்லாத காம்போசிட் டோவுக்கு மாறிக்கொள்ளுங்கள், நாள் முழுக்க நிற்பவருக்கு வித்தியாசம் தெரியும்.

---

மீனா_மார்க்கம் | ஜனவரி 15, காலை 10:30

நான் மீன்பிடிக்கப் போகிறவள் இல்லை, ஆனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அம்மாவுக்குப் பதினான்கு வருடமாகச் சர்க்கரை. போன வருடம் பேரன்கள் சறுக்கி விளையாடுவதைப் பார்க்க மலைச்சரிவுக்குக் கூட்டிப்போனேன். பாதம் குளிரக் கூடாதென்று உறையைப் பிரித்தால் சூடாகும் பட்டையை, ஒட்டுகிற வகை, சாக்ஸுக்குள்ளே வெறும் பாதத்தில் நானே ஒட்டிவிட்டேன். மூன்று மணி நேரம். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஏனென்றால் அவருக்கு எதுவும் தெரியவில்லை. வீட்டில் கழற்றினால் பாதத்தின் நடுவில் பட்டையின் வடிவத்திலேயே நீள்சதுரமாகச் சிவந்து, ஒரு ஓரத்தில் தோல் எழும்பி இருந்தது. அந்தப் புண் ஆற பதினொரு வாரம் ஆனது. கட்டு மாற்றிய ஒவ்வொரு நாளும் என் கையால் வைத்தது என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

நம் குடும்பங்களில் சர்க்கரை இல்லாத வீடு குறைவு. தயவுசெய்து பார்த்துச் செய்யுங்கள்.

---

வெண்பனிச்_செவிலி | ஜனவரி 15, பகல் 12:05

மீனா, நீங்கள் அன்போடு செய்ததுதான் அது. வெறும் தோலில் வைக்கக் கூடாது என்று உறையிலேயே எழுதியிருந்தாலும் பொடி எழுத்தை யாரும் படிப்பதில்லை.

அந்தப் பட்டைக்குள் இருப்பது இரும்புத்தூள், உப்பு, கரி, கொஞ்சம் ஈரம். காற்றுப் பட்டதும் இரும்பு துருப்பிடிக்கும், அந்தத் துருதான் சூடு தருகிறது. சர்க்கரையால் பாத உணர்ச்சி குறைந்தவர்கள் இதை வைக்கவே கூடாது. மற்றவர்களும் வெறும் தோலில் வேண்டாம், சாக்ஸுக்கு மேலே, விரல் பக்கம் ஒட்டுங்கள். காலுக்கென்று விற்பதையே வாங்குங்கள், பூட்ஸுக்குள் இருக்கும் குறைந்த காற்றிலும் அது வேலை செய்யும்.

அம்மாவைக் கூட்டிப்போக வேண்டும் என்றால் இடமுள்ள பூட்ஸ், ஒரு கம்பளி சாக்ஸ், தொப்பி, தொடைக்கும் முழங்காலுக்கும் போர்வை. உடம்பின் நடுப்பகுதி குளிர்ந்தால் உடம்பு முதலில் கைகாலுக்குப் போகும் ரத்தத்தைத்தான் குறைக்கும். பாதம் குளிர்கிறது என்றால் பல நேரம் தலைக்கும் நெஞ்சுக்கும்தான் துணி சேர்க்க வேண்டும். சிகரெட் ரத்தக்குழாயைச் சுருக்கும். மது தோலுக்கு ரத்தத்தைக் கொண்டுவந்து சூடாக இருப்பது போலக் காட்டி உள்சூட்டை வெளியேற்றிவிடும். ஐஸில் இரண்டும் வேண்டாம்.

---

பருத்தித்துறையான் | ஜனவரி 15, மாலை 6:40

ஒன்றை மறந்துவிட்டேன். ஐஸில் இருக்கும்போது பாதிக் குளிர் அடியிலிருந்து ஏறுகிறது. வீட்டில் பழைய யோகா பாய் இருந்தால் வெட்டி எடுத்துப் போங்கள். பிள்ளைகள் விளையாடும் எழுத்துப் போட்ட ஃபோம் சதுரம் நாலு இருந்தாலும் போதும். இரண்டு காலும் எப்போதும் அதன்மேல். நான் இருபது வருடமாக ஒரு நீலப் பாயைத்தான் கொண்டு போகிறேன். என் இரண்டு மில்லிமீட்டர் சொக்ஸைவிட அது பெரிய காவல்.

மகனைக் கூட்டிப் போவதென்றால் ஹட் வாடகைக்கு எடுங்கள், ஜார்ஜினாக் கரையில் பலர் தருகிறார்கள். வெளியில் நடப்பதற்குத் தெளிந்த நீல ஐஸ் குறைந்தது 15 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், கரையில் கேட்காமல் இறங்க வேண்டாம். பிள்ளை "குளிரவில்லை" என்றுதான் சொல்வான், மீன் கடிக்கும்போது எந்தப் பிள்ளையும் உண்மை சொல்லாது. அரை மணிக்கு ஒருமுறை சப்பாத்தைக் கழற்றி உங்கள் கையால் விரலைத் தொட்டுப் பாருங்கள்.

---

சேலத்துக்காரன் | பிப்ரவரி 17, இரவு 8:30

போய் வந்துவிட்டோம். மைனஸ் 17, போன தடவையைவிடக் குளிர் அதிகம்.

பூட்ஸ் அதேதான் வைத்துக்கொண்டேன். முந்தைய இரவு லைனரை உருவி ஹால் நடுவில் நிறுத்திக் காயவைத்தேன். மெல்லிய சாக்ஸோடு, ஜாக்கெட் ஜிப்பைத் திறந்துவிட்டு, பாட்டியோடு கோயிலுக்கு நடப்பது போல மெதுவாக நடந்தேன். ஹட்டுக்குள் போனதும் சாக்ஸை மாற்றினேன். கழற்றிய சாக்ஸ் கையில் சில்லென்று ஈரமாக இருந்தது, நடக்கும்போது அந்த ஈரம் எனக்குத் தெரியவே இல்லை. ஒரே ஒரு கம்பளி சாக்ஸ், கயிறு தளர்வாக, காலுக்கடியில் மகன் சின்ன வயதில் விளையாடிய ஃபோம் பலகை.

ஐந்து மணி நேரம் இருந்தோம். இரண்டாவது மணியில் சுண்டுவிரலில் லேசாக வலி ஆரம்பித்தது. உடனே எழுந்து ஹட்டைச் சுற்றிப் பத்து நிமிடம் நடந்தேன், சரியானது. மகனின் காலை ஒன்பது தடவை பார்த்தேன். ஆறாவது தடவை இடது கால் பெருவிரல் கொஞ்சம் வெளிறியிருந்தது. ஹவில்தார் ஐயா சாக்ஸுக்குச் சொன்னது போலப் பனியனைத் தூக்கி அவன் பாதத்தை என் வயிற்றில் வைத்துக்கொண்டேன். ஐஸ் கட்டியை வைத்தது போல இருந்தது. ஐந்து நிமிடத்தில் ரோஸ் நிறம் வந்தது. அதற்குள் அவன் தூண்டிலில் பெர்ச் மீன் கடித்துவிட்டது, பாதத்தை என் வயிற்றில் வைத்தபடியே சுற்றி இழுத்தான்.

---

ஓய்வுபெற்ற_ஹவில்தார் | பிப்ரவரி 18, காலை 5:45

படித்துச் சந்தோஷம் தம்பி. பையனுக்கு உலர்ந்த ஜோடி தனியாக வைத்தாயா?

---

சேலத்துக்காரன் | பிப்ரவரி 18, காலை 7:10

வைத்தேன் ஐயா. திரும்பும்போது வண்டியில் அதைப் போட்டுக்கொண்டுதான் தூங்கினான்.